கண்ணாடியில் ஒட்டிய கெமரா

சுக்கான் அசைந்தது.

பலகைத் துறையின் ஓரத்தில் குந்தியிருந்து, சற்று முன் எடுத்த இரண்டு நிமிடச் சோதனை வீடியோவைப் போனில் ஓடவிட்டுக்கொண்டிருந்த ஜொனி அதை முதலில் கவனிக்கவில்லை. இரண்டு முன் இருக்கைகளும் முழுதாகப் படத்துக்குள் விழுகின்றனவா, பக்கத்து ஜன்னலால் வரும் வெளிச்சம் முகங்களைக் கறுப்பாக்கிவிடுமா என்பதில்தான் அவன் கண் இருந்தது. ஒரு நிமிடம் பத்து விநாடியில் விமானியின் சுக்கான் மெதுவாக இடதுக்குத் திரும்பிக் கடைசிவரை போயிற்று. அங்கிருந்து வலதுக்குத் திரும்பிக் கடைசிவரை போயிற்று. பிறகு ஆளில்லாத இருக்கையின் நெஞ்சுப் பக்கமாக இழுபட்டு, மறுபடி முன்னுக்குப் போய், பழைய இடத்தில் வந்து நின்றது.

ஒவ்வொரு முறையும் புறப்படுமுன் விமானிகள் அப்படித்தான் செய்து பார்ப்பார்கள். சுக்கான் எங்கேயும் இடறாமல் போய் வருகிறதா என்று பார்க்கும் சோதனை. அதைச் செய்ய ஓர் ஆள் வேண்டும். துறையில் கட்டி மிதந்த அந்தச் சின்ன நீர் விமானத்துக்குள் ஆள் யாரும் இல்லை. வீடியோ ஓடிய இரண்டு நிமிடமும் ஜொனி துறையில் நின்று வெற்றிலை எச்சிலைத் தண்ணீருக்குள் துப்பிக்கொண்டிருந்தான்.

காற்றுத்தான் என்று அவன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். கட்டி வைத்திருக்கும் விமானத்தின் இறக்கை மடல்களைக் காற்று தூக்கினால் உள்ளே சுக்கானும் சேர்ந்து ஆடும். யாரோ சொல்லிக் கேட்டிருக்கிறான். யார் சொன்னது என்று நினைவு வந்ததும் அந்த நினைவை அப்படியே விட்டுவிட்டான். விக்டோரியா நீர்த்தேக்கம் ஒரு சுருக்கம்கூட இல்லாமல் கிடந்தது. நக்கிள்ஸ் மலைப் பக்கமிருந்து பனிமூட்டம் இறங்கி, எதிர்க்கரை மரங்களை ஒவ்வொன்றாக மறைத்துக்கொண்டு வந்தது. மணி மூன்றுதான். வெயில் அடிக்க வேண்டிய நேரம்.

எழுந்து போய் மிதவையில் கால் வைத்து, கதவைத் திறந்து எட்டிப் பார்த்தான். சுக்கானின் கழுத்தில் பூட்டு ஊசி செருகியபடியே இருந்தது. அந்த இரும்பு ஊசி இருக்கும்வரை காற்றென்ன, யானை வந்து இழுத்தாலும் சுக்கான் அசையாது. ஊசியைத் தொட்டுப் பார்த்தான். குளிர்ந்திருந்தது.

ஜொனி ஒன்றும் விமானத்துறை ஆள் இல்லை. கண்டி டவுனில் கலியாண வீடியோ எடுக்கிறவன். வயது நாற்பத்தொன்று. ஹேவாஹெட்டத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கெமராவைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கி வந்து, சேர்ச்சும் மண்டபமுமாக அலைந்து ஒரு ஸ்டூடியோ போட்டவன். வெளிநாட்டுக்காரர்களை ஏற்றிக்கொண்டு மலைகளைச் சுற்றிக் காட்டும் ஒரு சின்னக் கம்பனி திகனப் பக்கத்தில் இந்தத் துறையை அமைத்தபோது, பறக்கிறவர்களின் முகத்தை உள்ளேயிருந்து படம்பிடிக்க ஆள் தேடியது. மணமக்கள் காருக்குள் கெமரா பூட்டத் தெரிந்தவனுக்கு விமானம் என்ன, அதுவும் கண்ணாடி வைத்த வண்டிதானே என்று ஜொனி ஒத்துக்கொண்டான். அந்தத் துணிச்சலை இப்போது நினைத்தாலும் அவனுக்குத் தன் மேலேயே காறித் துப்பத் தோன்றும்.

கலியாணக் காருக்குக் கெமரா பூட்டும் முறை ஒன்று உண்டு. கெமராவின் அடியில் இருக்கும் ரப்பர் கிண்ணத்தை நாக்கால் ஒரு நக்கு நக்கி, முன் கண்ணாடியில் அழுத்திவிட வேண்டியதுதான். கண்டியில் எல்லா ஸ்டூடியோக்காரனும் அப்படித்தான் செய்கிறான். எச்சில் பசை மாதிரிப் பிடித்துக்கொள்ளும். பாதுகாப்புக்கு ஒரு கயிறும் கட்டுவார்கள், நீளமாக விட்டு. மணப்பொம்பிளை காரிலிருந்து காலை எடுத்து வெளியே வைக்கும் நேரத்தில் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருக்க முடியாது. கெமராவைப் பிடுங்கிக் கையோடு வெளியே கொண்டுபோக வேண்டும். எட்டு மாதத்துக்கு முன்னால், அதே எச்சிலோடும் அதே நீளக் கயிற்றோடும், கம்பனியின் விமானி கெப்டன் ஹில்மியின் முகத்துக்கு நேரே அவன் கெமராவைப் பூட்டினான்.

"கயிறு என்னத்துக்கு ஜொனி இவ்வளவு நீட்டு?" என்று ஹில்மி கேட்டார்.

"அது அப்பிடித்தாங்க சேர். நாங்க எப்பவும் இப்பிடித்தான் கட்டுறது."

ஹில்மி சிரித்தார். தொழில் தெரிந்தவன் சொல்வதை மதிக்கிற மனிதர். விளம்பரத்துக்குப் படம் எடுப்பதற்காகத் தனியாகத்தான் ஏறினார். பத்து நிமிடம் கழித்து, மேலே தட்டையாகப் போய்க்கொண்டிருந்த விமானம் மூக்கைக் கீழே கவிழ்த்து, ஒரு தடவையாவது நிமிராமல் நேராக நீருக்குள் போனது.

மூன்றாம் நாள் உடைந்த விமானத்தைக் கரைக்கு இழுத்தார்கள். ஹில்மியின் உடலை எடுத்துக்கொண்டுபோன பிறகு, தண்ணீருக்குள் தேடிய சுழியோடிகள் தேநீர் குடிக்கப் போன நேரத்தில் ஜொனி உள்ளே தவழ்ந்து போனான். நீல நைலோன் கயிறு சுக்கானின் கழுத்தை மூன்று சுற்றுச் சுற்றியிருந்தது. நுனியில் கெமரா தொங்கியது. கத்தரிக்கோலால் வெட்டிச் சட்டைக்குள் போட்டுக்கொண்டான். வீட்டில் குளியலறையைப் பூட்டிக்கொண்டு, கடைசி நாற்பது விநாடியை ஒரே ஒரு முறை பார்த்தான். உயரத்தில் காற்றின் அழுத்தம் குறைய, எச்சில் காய்ந்த ரப்பர் கழன்று விழுகிறது. கெமரா ஊஞ்சலாடி, கயிறு சுக்கானைச் சுற்றி அதை முன்னுக்கு இழுத்துவிடுகிறது. சுக்கான் முன்னுக்குப் போனால் விமானம் மூக்கைக் கவிழ்க்கும், அதைப் பின்னுக்கு இழுக்க முடியவில்லை. ஹில்மி ஒரு கையால் இழுத்துக்கொண்டே மறுகை நகத்தால் முடிச்சைப் பிறாண்டுகிறார். அது நல்ல முடிச்சு. ஜொனி போட்ட முடிச்சு அவிழாது.

அடுத்த நாள் காலையில் கெட்டம்பேயில் பஸ்ஸை விட்டு இறங்கி, கெமராவை மகாவலி ஆற்றுக்குள் எறிந்தான். விசாரணையில், அன்று கெமரா பூட்டியிருந்ததா என்று கேட்டார்கள். இல்லை, கெப்டன் சும்மா ஒரு சுற்றுப் பறந்து பார்க்கத்தான் போனார் என்றான். அப்படிச் சொல் என்று யாரும் அவனுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. வாய் தானாகச் சொன்னது.

இப்போது புது விமானம், புது விமானி. ஜொனிக்குத்தான் அனுபவம் இருக்கிறது என்று கம்பனி அவனையே மறுபடி கூப்பிட்டது. மாட்டேன் என்றால் ஏன் என்று கேட்பார்கள். வந்தான். இந்த முறை கண்ணாடியை ஸ்பிரிட் போட்டு மூன்று தரம் துடைத்தான். கெமராவை இரட்டை ரப்பர் தாங்கியில் இறுக்கி, கயிற்றுக்குப் பதிலாக ஒரு சாணே நீளமுள்ள இரும்புக் கம்பியால் கட்டினான். அன்றைக்கும் இவ்வளவு சுலபமான வேலைதானா என்று நினைத்தபடி கம்பியை இன்னொரு தரம் இறுக்கினான்.

இரண்டாவது சோதனையை எடுத்தான். இந்த முறை கண்ணை விமானத்தை விட்டு எடுக்கவில்லை. மூன்று நிமிடம். எதுவும் அசையவில்லை.

வீடியோவிலும் சுக்கான் அசையவில்லை. அவனுக்கு உயிர் வந்தது. ஆனால் சத்தம் இருந்தது. முதலில் எங்கோ சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழும் சத்தம். பிறகு மிக அருகில், கெமராவின் காதுக்குள்ளேயே வைத்துச் செய்வது போல, நைலோனை நகம் பிறாண்டும் சத்தம். பொறுமையாக. விட்டு விட்டு. அந்த விமானத்துக்குள் நைலோன் கயிறே கிடையாது. ஜொனி சத்தத்தைக் குறைக்கப் பார்த்தான், விரல் வழுக்கியது. திரையில் விமானியின் சாம்பல் நிற இருக்கை கீழிருந்து மேலாகக் கறுத்துக்கொண்டு வந்தது. ஈரம். முதலில் தொடைகள் அழுந்தும் இடம், பிறகு இடுப்பு, பிறகு முதுகு, தோள்.

விமானத்துக்குள் கையை நீட்டி இருக்கையைத் தொட்டான். நனைந்திருந்தது. கையை முகர்ந்தான். நீர்த்தேக்கத்தின் அடிச் சேறு மணத்தது.

"ஜொனி அண்ணன்."

அவன் துள்ளித் திரும்பினான். துறையில் நின்றது பளீல், ஹில்மியின் தம்பி. அலவத்துகொடையிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்திருக்கிறான். தலைக்கவசத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, கடன் கேட்க வந்தவனைப் போல ஒதுங்கி நின்றான்.

"நான் சண்டைக்கு வரல்ல. இன்டைக்கு நாலு மணியோட விசாரணைய மூடுறாங்களாம். ஒங்களுக்கும் கடைசியா ஒரு போர்ம் அனுப்பீக்கிறதா சென்னாங்க."

போர்ம், அந்த ஒரு பக்கப் படிவம், ஜொனியின் சட்டைப் பையில்தான் இருந்தது. ஒரே ஒரு கேள்வி. சம்பவ தினத்தில் விமானி அறைக்குள் ஏதேனும் கருவி உங்களால் பூட்டப்பட்டதா, ஆம் அல்லது இல்லை. நான்கு நாளாக அதைச் சுமந்துகொண்டு திரிகிறான்.

"வாப்பா இப்ப ஜும்ஆவுக்கும் போறதில்ல," என்றான் பளீல். "ஊருல என்ன செல்லுறாங்க தெரியுமா? ஹில்மி நானா தானாவே மௌத்தாகிட்டாராம். வேணுமின்டே ப்ளேனத் தண்ணிக்குள்ள விட்டாராம். அஞ்சு நேரம் தொழுத மனிசன், ஜொனி அண்ணன். எங்களுக்கு இது எவ்வளவு பெரிய பேச்சுன்டு ஒங்களுக்கு வெளங்குமா?"

"வெளங்குதுங்க."

"அன்டைக்கு உள்ளுக்கு கெமரா ஈந்திச்சா? அது மட்டும் செல்லுங்க. ஒரு படம் ஈந்திருந்தா ஊருட வாய மூடியீக்கலாம்."

சொல்லிவிடலாம். ஐந்தாறு வார்த்தைதான். பளீலின் கண்கள் ஹில்மியின் கண்கள் மாதிரியே, சொல்வதை நம்புகிற கண்கள். ஜொனி வாயைத் திறந்தான். ஜெயில் தெரிந்தது, ஸ்டூடியோவின் ஷட்டர் இறங்குவது தெரிந்தது, மனைவி றோஸ் சேர்ச்சில் தலையைக் குனிந்து உட்காருவது தெரிந்தது.

"இல்லீங்க தம்பி," என்றான். "அன்னிக்கி பூட்டல. பெட்டரி சார்ஜ் இல்லாம இருந்திச்சி."

பளீல் தலையை ஆட்டினான். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் ஜொனிக்கு ஆறுதலாக இருந்திருக்கும். மோட்டார் சைக்கிள் மேட்டில் ஏறும் சத்தம் பனிமூட்டத்துக்குள் வெகு நேரம் கேட்டது. அது தேய்ந்து அடங்கிய பிறகு ஜொனி போர்மை எடுத்து, மடியில் வைத்து, 'இல்லை' என்பதற்குப் பக்கத்தில் சரி அடையாளம் போட்டுக் கையெழுத்து வைத்தான். கை நடுங்கவே இல்லை. அது அவனுக்கே அருவருப்பாக இருந்தது.

புது விமானி கெப்டன் றேணுகா தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தாள். முப்பது வயதிருக்கும். எதையும் கையால் பிடித்து இழுத்துப் பார்த்துத்தான் நம்புவாள். உள்ளே எட்டிக் கெமராவைப் பிடித்து மூன்று முறை பலமாக இழுத்தாள். கண்ணாடி கழன்றாலும் கெமரா கழலாது போலிருந்தது.

"இந்தத் தடவ நல்லா பூட்டியிருக்கீங்க அண்ணே."

'இந்தத் தடவ' என்ற சொல் அவன் முதுகில் ஊர்ந்தது. அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள்.

"சீட்டு ஈரமா இருக்குங்க மிஸ்."

அவள் தொட்டுப் பார்த்தாள். "எங்க? காஞ்சிதானே இருக்கு." ஊசியைக் கழற்றினாள், சுக்கானை ஆட்டிப் பார்த்தாள், கதவைச் சாத்தினாள். "தண்ணியில ஒரு சுத்து ஓட்டிப் பாத்துட்டு வருவம். மேல போக மாட்டன், பனி கூடிட்டு. நீங்க வலது சீட்டுல ஏறிக் கெமராவப் பாருங்க. நான் ஒஃபிஸுக்குப் போய் பறப்புக் கணக்கு எழுதுற லொக் புத்தகத்த எடுக்கணும், அஞ்சு நிமிசம்."

"மிஸ், இதையும் ஸ்கேன் பண்ணி அனுப்பிடுறீங்களா? நாலு மணிக்கு முந்திப் போகணும்."

அவள் தாளை வாங்கிக்கொண்டு போனாள். பலகைகளில் அவள் சப்பாத்துச் சத்தம் விலகியது. பனிமூட்டம் துறையின் பாதியை விழுங்கியிருந்தது. ஜொனி வலப்பக்க இருக்கையில் ஏறி, பெல்ட்டைப் போட்டு, ஹெட்செட்டைக் காதில் மாட்டிக்கொண்டு, போனைக் கெமராவோடு இணைக்கக் கொடுத்தான். திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. சில நாள் அது இப்படித்தான் சுற்றும். அவன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

இடப்பக்க மிதவை அமிழ்ந்தது. யாரோ கால் வைத்தார்கள். விமானம் அந்தப் பக்கம் சாய்ந்து நிமிர்ந்தது. கதவு திறந்தது, சாத்தியது. அஞ்சு நிமிசம் என்றவள் இரண்டு நிமிசத்தில் வந்துவிட்டாள் என்று நினைத்தான். ஏறும்போது குளிரையும் சேர்த்துக் கொண்டுவந்திருந்தாள். என்ஜின் இருமி, பிடித்துக்கொண்டது. விமானியின் சுக்கானோடு சேர்ந்தே ஆடும் இரண்டாவது சுக்கான், அவனுடைய முழங்காலுக்கு முன்னால், இடதுக்குப் போயிற்று, வலதுக்குப் போயிற்று, பின்னுக்கு வந்தது, முன்னுக்குப் போயிற்று.

விமானம் துறையை விட்டு நழுவியது.

தாள் போய்விட்டிருக்கும். இனி அதைத் திருப்பி எடுக்க முடியாது. அப்படி நினைத்ததும் ஜொனி வாயைத் திறந்தான். பளீலிடம் வராத சொற்கள் இப்போது, இந்தப் பெண்ணிடம், தடுக்க முடியாமல் வந்தன. தலையை நிமிர்த்த வெட்கமாக இருந்தது. சுற்றும் வட்டத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"மிஸ், அந்தத் தாள் பொய்ங்க. நாந்தான் பூட்டினேன். எச்சி தொட்டு ஒட்டினேன். கயிற நீளமா விட்டேன். ஏன் இவ்வளவு நீளம்னு ஹில்மி சேர் கேட்டாரு, நான் கேக்கல. அவரு தானா சாகலங்க. கடைசி வரைக்கும் இழுத்தாரு, நான் பாத்தேன். அவங்க வாப்பாகிட்ட நானே போய் சொல்றேன். திருப்புங்க மிஸ். இப்பவே போறேன்."

அழுதான். அழ அழச் சுமை இறங்கியது. இதற்குத்தானா இவ்வளவு பயந்தோம் என்று இருந்தது. ஹெட்செட்டில் மூச்சுச் சத்தம்கூட இல்லை. சொட்டுச் சத்தம் மட்டும் கேட்டது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு வலப்பக்க ஜன்னலால் பார்த்தான். பனிமூட்டம் ஓரிடத்தில் கிழிந்து, துறை தெரிந்தது. துறையில் றேணுகா ஓடி வந்துகொண்டிருந்தாள். ஒரு கையில் லொக் புத்தகம். மறுகையை உயர்த்தி, நிறுத்தச் சொல்லி ஆட்டினாள். வாய் பெரிதாகத் திறந்து மூடியது. பனி மூடிக்கொண்டது.

ஜொனி திரும்பவில்லை.

திரும்ப முடியவில்லை. கடைக்கண்ணில் வெள்ளைச் சட்டையின் கை ஒன்று இருந்தது. தோளில் நான்கு தங்கக் கோடு. முழங்கையிலிருந்து தண்ணீர் வடிந்தது. சேற்று மணம். மிதவைகளின் இரைச்சல் சட்டென்று நின்றது. அடிவயிறு லேசாகியது. மேலே எழும்பிவிட்டார்கள்.

"சேர்," என்றான். "சேர், சொல்லிட்டேன்ல. நான் எல்லாத்தையும் சொல்லிட்டேன்."

போன் ஒரு முறை அதிர்ந்தது. இணைந்துவிட்டது.

திரையில் விமானி அறை துல்லியமாகத் தெரிந்தது. நல்ல வெளிச்சம், நல்ல கோணம், ஓர் அசைவோ நடுக்கமோ இல்லை. இடப்பக்க இருக்கை காலியாக இருந்தது. உலர்ந்து, சுத்தமாக, காலியாக. வலப்பக்க இருக்கையில் ஜொனி இருந்தான். அவனுடைய இரண்டு கைகளும் சுக்கானில் இருந்தன.

குனிந்து தன் கைகளைப் பார்த்தான். ஒன்றில் போன். மற்றது தொடையில்.

திரையில் இரண்டும் சுக்கானில்.

கெமராவைப் பிடித்து இழுத்தான். வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தான். போன் மடியில் விழுந்தது. இரும்புக் கம்பி உள்ளங்கையை வெட்டியது. கண்ணாடி முனகியது, கெமரா அசையவில்லை. பதிவின் சிவப்பு விளக்கு அவன் முகத்துக்கு நேரே நிதானமாக எரிந்தது. முழங்காலுக்கு முன்னால் சுக்கான் தானாக, மிக மெதுவாக, முன்னுக்குப் போகத் தொடங்கியது. ஜொனி கத்தினான். கர்த்தரைக் கூப்பிட்டான், றோஸைக் கூப்பிட்டான், நான் இல்லை, நான் இல்லை என்று தொண்டை கிழியக் கத்தினான். கண்ணாடியில் வெள்ளை விலகியது. கீழே நீர் பச்சையாக விரிந்தது. பெருத்துக்கொண்டு வந்தது.

மடியில் கிடந்த திரையில் சத்தமே இல்லை. அந்த ஜொனி தனியாக உட்கார்ந்திருந்தான். சேர்ச்சில் நற்கருணை எடுத்துவிட்டு இருக்கையில் வந்தமர்ந்தவனின் அமைதி அவன் முகத்தில் இருந்தது. யாரும் அவனை வற்புறுத்தவில்லை. யாரும் பக்கத்தில் இல்லை. நாளை பார்க்கப் போகிறவர்களுக்கு எந்தச் சந்தேகமும் வராதபடி, தலையைக் கொஞ்சம் நிமிர்த்திக் கெமராவை நேராகப் பார்த்துக்கொண்டு, அவன் சுக்கானை இரண்டு கையாலும் கடைசிவரை முன்னுக்குத் தள்ளினான்.